ரிட்டென்ஷன் டைம்: பிடிப்பு நேரமா, தங்கு நேரமா?

வணக்கம். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்துப் பால் சங்கங்களுக்கான அஃப்ளாடாக்சின் எம்1 (பூஞ்சை பிடித்த தீவனத்தால் பாலில் வரும் நஞ்சு) சோதனைக் கையேட்டில் ரிட்டென்ஷன் டைமை, அதாவது சோதனைக் குழலில் விட்ட பொருள் வெளிவர ஆகும் நேரத்தை, ‘பிடிப்பு நேரம்’ என்று போட்டிருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை.

இந்தச் சோதனையில் குழல் இரண்டு. (column என்பதைக் காலம் என்று ஒலிபெயர்த்தால் நேரத்தோடு குழம்பும், அதனால் குழல்.) முதலாவதில் எம்1-ஐப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் (antibody) இருக்கிறது. பாலை 37 டிகிரிக்குச் சூடாக்கி, சுழற்றி, மேலே திரளும் கொழுப்பை நீக்கி, வடிகட்டிய 50 மில்லியை நிமிடத்துக்கு 2–3 மில்லியாக விடுகிறோம். இந்திய வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், அப்படியானால் அந்த 50 மில்லியில் இருப்பது வெறும் 25 நானோகிராம். வேகம் கூட்டினால் அதிலும் ஒரு பங்கு ஒட்டாமல் ஓடிவிடும். ஒட்டியது தண்ணீரில் கழுவினாலும் போகாது. அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை விட்டால்தான் இறங்கும். பிடிப்பு என்றால் அது.

அப்படி இறங்கியதை வாங்கி, எம்1-ஐ மற்றவற்றிலிருந்து பிரிக்கும் இரண்டாவதான சி18 குழல் எதையும் பிடித்துவைப்பதில்லை. எம்1 ஒட்டியும் விட்டுமாக நகர்ந்து தாமதமாக வருகிறது. ஆகவே ‘தங்கு நேரம்’.

—

அண்ணாச்சி, பிடிப்பை எடுத்தது சரிதான். ஆனால் தங்கு நேரம் கணக்கில் இடிக்கும். 250 × 4.6 மி.மீ. குழலில் நிமிடத்துக்கு 1 மில்லி ஓடினால், எதிலும் ஒட்டாத பொருளுக்கே வெளிவர ஏறக்குறைய இரண்டரை நிமிடம் ஆகும். எம்1 முகடு (எம்1 வெளிவருவதைக் கருவியின் வரைகோட்டில் காட்டும் மேடு) ஒன்பதாம் நிமிடத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தங்கியது ஆறரை நிமிடம்தான். ஒன்பதை ‘வெளிவரு நேரம்’ என்றும், ஆறரையை மட்டும் ‘தங்கு நேரம்’ என்றும் பிரிக்கலாம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. முகடு தள்ளிப்போனால் இந்தப் பிரிவினைதான் கோளாறைக் காட்டும். இரண்டரையும் சேர்ந்து நீண்டால் ஓட்டம் குறைந்திருக்கிறது: பம்பில் காற்றுக்குமிழி, அல்லது கசிவு. இரண்டரை அப்படியே இருக்க, தங்கு நேரம் மட்டும் நீண்டால் குழலில் ஓடவிடும் கரைப்பான் கலவைப் புட்டியைத் திறந்துவைத்து அசிட்டோநைட்ரைல் ஆவியாகியிருக்கலாம். குழலுக்கு வெப்பப்பெட்டி இல்லாத இடத்தில் நண்பகல் சூட்டுக்குத் தங்கு நேரம் சுருங்கவும் செய்யும். இடவப்பாதி மழையில் பிண்ணாக்கு பூஞ்சை பிடிக்கிற ஊரில், பக்கத்து முகட்டை எம்1 என்று படித்துவிடக் கூடாது. ஒவ்வொரு தொகுதியிலும் நியமக் கரைசலை (அளவு தெரிந்த எம்1 கரைசலை) இடையிடையே ஓட்டச் சொல்லுங்கள்.

—

இரண்டையும் பிரித்தே எழுதுவோம். மிச்சம் அந்த இரண்டரை நிமிடம், டெட் டைம். ‘இறந்த நேரம்’ என்று யாரும் போட்டுவிடாதீர்கள். ‘ஒட்டா நேரம்’ சரிப்படுமா?