அமெரிக்காவுக்குப் போகும் மரப் பேலட்: ஃப்யூமிகேஷன் சர்டிஃபிகேட் போதுமா, முத்திரை கட்டாயமா?

பீன்யா டெஸ்பாட்ச் கேட்டது:

வணக்கம். பெங்களூர் பீன்யாவில் ஒரு சின்ன மெஷினிங் யூனிட்டில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். இதுவரை எல்லாம் அட்டைப்பெட்டியில் ஏர் கார்கோவாகத்தான் போயிற்று. இப்போது முதல்முறையாகக் கடல்வழி, ஒயிட்ஃபீல்டு ஐசிடியிலிருந்து (உள்நாட்டுக் கன்டெய்னர் முனையம்) சென்னை, அங்கிருந்து அமெரிக்கா. சரக்கு வார்ப்பிரும்பு பாகங்கள், நல்ல கனம். மரப் பேலட்டில் (சரக்கை அடுக்கும் மரத் தட்டு) வைத்து, சுற்றிலும் பிளைவுட் அடித்து அனுப்பலாம் என்று திட்டம். வாங்குகிறவர் "ஐஎஸ்பிஎம் 15 இருக்க வேண்டும்" என்று ஒற்றை வரி மெயில் போட்டதோடு சரி; பேக்கிங் மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதியாம் அது. மரக்கடைக்காரர், "கன்டெய்னரை மூடும்போது மாத்திரை வைத்து ஃப்யூமிகேஷன் சர்டிஃபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்டாம்ப் எல்லாம் வீண் செலவு" என்கிறார். சரக்கை அனுப்பித் தரும் ஃபார்வர்டர் ஸ்டாம்ப் இல்லாமல் தொடவே மாட்டேன் என்கிறார். முதலாளி இரண்டு பேரையும் நம்பாமல் என் தலையில் கட்டிவிட்டார்.

இன்னொன்று, வெளிநாட்டு மெஷினோடு வந்த பழைய பேலட்கள் முத்திரையோடு குடோனில் கிடக்கின்றன. சிலவற்றில் பலகை உடைந்திருக்கிறது. பலகையை மட்டும் மாற்றி ஓட்டிவிடலாமா? பிளைவுட்டுக்கும் முத்திரை வேண்டுமா?

ஐசிடி வாசு:

ஃபார்வர்டர் சொல்வதுதான் சரி. மாத்திரை என்பது அலுமினியம் பாஸ்பைடு, அரிசி கோதுமைக்கு வைப்பது. ஐஎஸ்பிஎம் 15 ஒப்புக்கொண்ட முறைகளில் அது கிடையவே கிடையாது. அந்த சர்டிஃபிகேட்டை வைத்துக்கொண்டு அமெரிக்கத் துறைமுகத்தில் ஒன்றும் பண்ண முடியாது.

நம் ஊரில் வழக்கமாக நடப்பது இரண்டு. ஒன்று எச்டி (ஹீட் ட்ரீட்மென்ட்), அதாவது மரத்தின் நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, இடைவிடாமல் 30 நிமிடம் நிற்க வேண்டும். சூடேற்றும் சேம்பரின் காற்று 56 தொட்டால் போதாது, இருப்பதிலேயே தடிமனான கட்டையில் துளை போட்டு உள்ளே சென்சார் செருகிப் பார்ப்பார்கள். இன்னொன்று எம்பி, மீதைல் புரோமைடு புகை, குறைந்தது 24 மணி நேரம். அது ஓசோனைக் கெடுக்கும் வாயு, மான்ட்ரியல் ஒப்பந்தம் குவாரன்டைன் வேலைக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறது. உங்களுக்கு எச்டியே போதும்.

முத்திரையில் இடது பக்கம் கதிர் படமும் ஐபிபிசி (சர்வதேச தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை) எழுத்தும் இருக்கும், வலது பக்கம் நாட்டுக் குறியீடு (நமக்கு ஐஎன்), ட்ரீட்மென்ட் செய்தவரின் பதிவு எண், அப்புறம் எச்டி அல்லது எம்பி. பேலட்டின் எதிரெதிர் இரண்டு பக்கத்திலாவது தெரிய வேண்டும். இது இருந்தால் பேலட்டுக்கென்று தனியாக ஃபைட்டோ சர்டிஃபிகேட் (தாவர நலச் சான்று) தேவையில்லை, முத்திரைதான் சர்டிஃபிகேட்.

பொம்மசந்திரா மரவேலை:

பேக்கிங் வேலை செய்கிறவன் என்பதால் சொல்கிறேன், பிளைவுட்டுக்கு முத்திரை வேண்டாம். பசை, சூடு, அழுத்தம் எல்லாம் பட்டு வருகிற பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு வகைகளுக்கு விலக்கு. 6 மில்லிமீட்டருக்கு மேல் போகாத மெல்லிய மரத்துக்கும் விலக்கு. ஆனால் மாட்டிக்கொள்கிற இடமே இதுதான்: பிளைவுட் பெட்டி என்று சொல்லிவிட்டு மூலைக்கு மூலை ரீப்பர் அடிப்பார்கள், அந்த ரீப்பர் ட்ரீட்மென்ட் ஆகாத பச்சை மரம். உள்ளே பாகம் ஆடாமல் இருக்க முட்டுக் கட்டை வைப்பீர்கள் இல்லையா, அதற்கும் ட்ரீட்மென்ட் வேண்டும். கன்டெய்னருக்குள் சரக்கு நகராமல் அண்டை கொடுக்கிற கட்டைகளுக்கு, டன்னேஜ் என்பார்களே, துண்டு துண்டாக ஒவ்வொன்றிலும் முத்திரை தெரிய வேண்டும். கன்டெய்னரில் சரக்கு ஏற்றும் ஸ்டஃபிங் அன்றைக்கு யார்டில் கிடக்கிற கட்டையை எடுத்து அறைந்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பேலட்: கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்குள் மாற்றினால் அது ரிப்பேர். புதிதாகப் போடும் பலகை ட்ரீட்மென்ட் ஆனதாகவும், அதன்மேல் தனி முத்திரை உள்ளதாகவும் இருக்க வேண்டும். அதற்கு மேல் மாற்றினால் பழைய முத்திரையை எல்லாம் இழைத்தோ பெயின்ட் அடித்தோ அழித்துவிட்டு, முழு பேலட்டையும் திரும்ப சேம்பருக்கு அனுப்பிப் புதிதாகக் குத்த வேண்டும். உடையாமல் இருப்பதை அப்படியே ஓட்டலாம், முத்திரைக்குக் காலாவதி கிடையாது.

பட்டையையும் பாருங்கள். 3 சென்டிமீட்டருக்குக் குறைவான அகலத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் நீளம் எவ்வளவு என்றாலும் பரவாயில்லை. அதைவிட அகலமென்றால் ஒவ்வொரு துண்டும் 50 சதுர சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். எங்காவது பொடித்துளையும் அதற்குக் கீழே மாவு மாதிரி புதுத்தூளும் தெரிந்தால், முத்திரை எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அந்தக் கட்டையை ஒதுக்குங்கள். உயிரோடு புழு கிடைத்தால் அங்கே முத்திரை காப்பாற்றாது.

வாஷி வியாபாரி:

இவ்வளவு பயம் வேண்டாம் தம்பி. நான் மும்பை நவசேவா துறைமுகம் வழியாகப் பல வருடமாக அனுப்புகிறேன், பத்து கன்டெய்னரில் ஒன்றைக்கூடத் திறப்பதில்லை. மரக்கடைக்காரரிடம் ஸ்டாம்ப் கட்டை இருக்கும், ஐம்பது நூறு கொடுத்தால் குத்தித் தருவார்.

ஐசிடி வாசு:

அண்ணே, உங்கள் அதிர்ஷ்டம் உங்களோடு இருக்கட்டும், புதுப் பையனுக்கு இந்த யோசனை வேண்டாமே. முத்திரையில் இருக்கும் பதிவு எண் ஃபரீதாபாத்தில் இருக்கும் தாவரப் பாதுகாப்பு இயக்ககம் அங்கீகரித்த நிறுவனத்துக்குக் கொடுப்பது. ட்ரீட்மென்ட் செய்யாமல் அதைக் குத்தினால் போலி முத்திரை, அவ்வளவுதான். அமெரிக்காவில் முன்பு ஒரே வருடத்தில் ஐந்து தடவை மாட்டினால்தான் அபராதம் என்று இருந்தது, 2017 நவம்பர் 1இலிருந்து முதல் தடவையிலேயே போடலாம். அபராதம் அங்கே இருக்கிற இறக்குமதியாளர் பெயரில் வரும், மரத்தைத் திருப்பி அனுப்பும் செலவும் அவர் தலையில். சில நேரம் சரக்கும் சேர்ந்தே திரும்பும். அதன்பிறகு அவர் இவர்களுக்கு ஆர்டர் கொடுப்பாரா?

அவர்கள் கடுமையாக இருப்பதற்குக் காரணமும் இருக்கிறது. 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆசிய நீள்கொம்பு வண்டைக் கண்டுபிடித்தார்கள், பேக்கிங் மரத்தில் வந்ததுதான். ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டினார்கள். 2002இல் இந்த விதி வந்ததே அப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகுதான்.

பீன்யா டெஸ்பாட்ச்:

ரொம்ப நன்றி. முதலாளிக்கு இந்தப் பக்கத்தை அப்படியே காட்டிவிட்டேன், எச்டி பேலட்டுக்குச் சரி என்றுவிட்டார். இன்று சாம்பிள் வந்தது, சிவப்பு மையில் குத்தியிருக்கிறார்கள். அடிக்கட்டை ஈரமாக இருக்கிறது, ஒரு மூலையில் பூஞ்சைகூடத் தெரிகிறது. சூடு ஏற்றினால் காய்ந்திருக்க வேண்டாமா?

பொம்மசந்திரா மரவேலை:

சிவப்பும் ஆரஞ்சும் வேண்டாம், அபாயச் சரக்கு லேபிளோடு குழப்பும் என்று விதியிலேயே தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. கறுப்பில் குத்தித் தரச் சொல்லுங்கள்.

எச்டி என்பது புழுவைக் கொல்வதற்கு, மரத்தைக் காயவைப்பதற்கு அல்ல. அரை மணி நேரச் சூட்டில் பச்சைக் கட்டை காயாது. பூஞ்சையால் ஐஎஸ்பிஎம் 15 தோற்காது, ஆனால் உங்கள் சரக்கு வார்ப்பிரும்பு. மூடிய கன்டெய்னரில் அத்தனை நாள் அந்த ஈரம் எங்கே போகும்? பாகத்தின் மேல்தான் துருவாக உட்காரும். சூளையில் காயவைத்த மரம் வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள், விலை கொஞ்சம் ஏறும். பாகத்துக்கும் மரத்துக்கும் நடுவில் துருவைத் தடுக்கும் விசிஐ ஷீட் போடுங்கள், அந்தச் சாம்பிளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.