கரண்ட் போய் நெட்ஹேக் பாதியில் நின்றது: “மீட்கவா?” என்று கேட்கிறது, என்ன அழுத்த?

தங்கச்சிமடம் மாணவி | இரவு 9:50

வணக்கம். மடிக்கணினித் திரையை அப்படியே வைத்துவிட்டுக் கைப்பேசியில் எழுதுகிறேன். கொஞ்சம் அவசரம்.

தடைக்காலம் என்பதால் அப்பாவின் விசைப்படகு கரையில் நிற்கிறது. எனக்கும் கல்லூரி விடுமுறை. பெரியம்மா மகன் வந்திருந்தபோது என் பழைய மடிக்கணினியில் நெட்ஹேக் என்ற விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். படமே கிடையாது. கறுப்புத் திரையில் @ என்றால் நான், புள்ளி என்றால் தரை. முதல் நாள் அரைமணி நேரம் எந்த விசையும் வேலை செய்யவில்லை. தமிழ்99 விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஆட்டத்தில் இதுவரை நான்கு பேரை இழந்தேன். ஒருத்தி பழைய பிணத்தைத் தின்று செத்தாள். இன்னொருத்தி எதையோ வெட்டினாள், அப்படியே உறைந்து நின்றாள், பிறகு நரிகள் வந்து கடித்தே கொன்றுவிட்டன. ஒவ்வொரு முறையும் சேமித்த ஆட்டம் காணாமல் போனது. ஆள் செத்தால் சேமிப்பும் போகும், அதுதான் விதி என்று அண்ணன் சொன்னான். சரி என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாவது ஆள் ஒரு வால்கிரி, அதாவது போர்வீராங்கனை. கூடவே ஒரு பூனைக்குட்டி. நிலவறையில் ஐந்தாம் தளம் வரை இறங்கிவிட்டாள். அந்த நேரத்தில் காற்று தூக்கி அடித்து கரண்ட் போனது. என் பேட்டரி ஒரு நிமிடம் தாங்காது. இப்போது திறந்தால், என் பெயரில் பாதியில் நின்ற ஆட்டத்தின் கோப்புகள் இருக்கின்றன, மீட்கவா என்று ஆங்கிலத்தில் கேட்கிறது. கோப்புறையில் என் பெயரோடு .0, .1, .2 என்று .5 வரை கோப்புகள் கிடக்கின்றன. குப்பை என்று நினைத்து நீக்கப் போனேன், கை வரவில்லை. ஆம் என்றால் எல்லாம் அழிந்து புது ஆட்டம் வந்துவிடுமா?

கீழக்கரைக்காரன் | இரவு 10:04

தங்கச்சி, அந்தக் கோப்புகளைத் தொடாதீங்க! அவைதான் உங்கள் வால்கிரி. .1 என்பது முதல் தளம், .2 இரண்டாம் தளம், இப்படியே. .0 கோப்பில் ஆட்டத்தின் நிலை இருக்கிறது. ஒவ்வொரு முறை படியிறங்கும்போதும் ஆட்டம் தானாகவே இவற்றை எழுதிவைக்கும். ஒழுங்காகச் சேமித்து வெளியே வந்திருந்தால் எல்லாம் ஒரே சேமிப்புக் கோப்பாகிவிடும். கரண்ட் போனதால் சிதறியபடி கிடக்கின்றன.

முதலில் கோப்புறையை அப்படியே இன்னொரு இடத்தில் நகலெடுங்க. அப்புறம் ஆட்டத்துக்கு வந்து ‘ஆம்’ அழுத்துங்க. ஆங்கில ‘ஒய்’, தமிழ்99-இல் ‘ள’ இருக்கும் விசை. ஆனால் விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அது சரிவரவில்லை என்றால் அதே கோப்புறையில் ‘ரிகவர்’ என்று தனியாக ஒரு சின்ன நிரல் இருக்கும், .0 கோப்பின் பெயரை அதற்குக் கொடுக்க வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்க. கரண்ட் போன நொடிக்கே திரும்ப முடியாது. கடைசியாக எந்தத் தளத்துக்குள் நுழைந்தாளோ, அந்தப் படிக்கட்டில்தான் நிற்பாள்.

தங்கச்சிமடம் மாணவி | இரவு 10:21

வந்துவிட்டாள்!! ஐந்தாம் தளத்துப் படிக்கட்டில் நிற்கிறாள். அங்கே கொன்ற இரண்டு எதிரிகள் திரும்ப உயிரோடு இருக்கிறார்கள், அது பரவாயில்லை. ரொம்ப நன்றி அண்ணா. அம்மா வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவர், நான் கத்தியதில் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கீழக்கரைக்காரன் | இரவு 10:26

நல்லது. இப்போது அந்த நகலை அழித்துவிடுங்க. விபத்தில் போனதை மீட்பது வேறு, செத்த ஆளை நகலிலிருந்து எழுப்புவது வேறு. இரண்டாவதைச் செய்தால் இந்த ஆட்டத்தில் பயமே இருக்காது, பயம் போனால் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்கும் சுகமும் போய்விடும். நான் ஒருமுறை அப்படிச் செய்து, அடுத்த ஒரு வருஷம் ஆட்டத்தைத் திறக்கவே மனம் வரவில்லை.

தொண்டி அக்கா | இரவு 10:40

உறைந்து நின்றாள் என்று எழுதியிருக்கிறாயே, அது மிதக்கும் கண். நீல நிறத்தில் ஆங்கிலச் சின்ன ‘இ’ எழுத்தாகத் தெரியும். அது உன்னை ஒன்றும் செய்யாது, தானாகக் கடிக்கவும் கடிக்காது. நகர்வதும் ஆமையைவிட மெதுவாகத்தான். ஆனால் கண் தெரிகிற நிலையில் அதைக் கையாலோ வாளாலோ அடித்தால், அதன் பார்வை பட்டு நீண்ட நேரம் அசையாமல் நிற்பாய். அப்போது ஒரு நரி வந்தாலும் போதும். புதிதாக ஆடுகிறவர்கள் பலர் இதில்தான் போயிருக்கிறார்கள், நானும் போயிருக்கிறேன்.

சில திரைகளில் அந்த நீலம் கறுப்போடு கறுப்பாகக் கலந்துவிடும். அதனால் தெரியாத எழுத்து எதுவானாலும் கிட்டப் போகாதே. அரைப்புள்ளி விசையை அழுத்து, உனக்கு அது ‘ந’. சுட்டியை அந்த எழுத்தின் மேல் கொண்டுபோய்ப் புள்ளி வைத்தால் இன்னது என்று பெயர் சொல்லும். இதற்கு ஒரு நகர்வுகூடச் செலவாகாது. எத்தனை முறை வேண்டுமானாலும் பார்.

மற்ற விசைகளும் தமிழ்99-இல் பழகியவளுக்குச் சுலபம். ‘க’ இடது, ‘ப’ கீழே, ‘ம’ மேலே, ‘த’ வலது. நான்கும் வரிசையாக வலது கையின் கீழேயே இருக்கின்றன. மூலைகளுக்கு ‘ள’ மேல் இடது, ‘ற’ மேல் வலது, ‘ங’ கீழ் இடது, ‘ல’ கீழ் வலது. நான் இப்படித்தான் மனதில் வைத்திருக்கிறேன். நகரவில்லை என்றால் ஆங்கிலப் பெரிய ‘ஓ’ அழுத்தி விருப்பங்களில் நம்பர்பேட் என்பது 0 ஆக இருக்கிறதா என்று பார்.

தங்கச்சிமடம் மாணவி | இரவு 10:58

அக்கா, கபமத என்று சொல்லிக்கொண்டே நடந்தேன், கை தானாகப் போகிறது! பிணம் சாப்பிடுவது எப்படி என்றும் சொல்லுங்கள். பசி என்று வந்தாலே பதறிவிடுகிறேன்.

தொண்டி அக்கா | இரவு 11:07

நம் ஊரில் மீன் வாங்குகிற மாதிரிதான். செவுள் சிவப்பாக இருக்கும்போது வாங்குவோம், வெயிலில் கிடந்ததை யாரும் தொடமாட்டோம். நீயே இப்போது கொன்றதை உடனே சாப்பிடு. ஐம்பது நகர்வு தாண்டியதைத் தொடாதே. ஏற்கெனவே தரையில் கிடந்த பிணம் எப்போது செத்தது என்று உனக்குத் தெரியாது, அதையும் விடு. லைக்கன் என்ற பூஞ்சை, பல்லி இந்த இரண்டும் மட்டும் கெட்டுப்போகாது. லைக்கன் கிடைத்தால் மூட்டையில் எடுத்து வைத்துக்கொள்.

பசி என்று வந்ததும் பதற வேண்டாம், நிறைய நேரம் இருக்கிறது. அது முற்றிப் பலவீனம் என்று வந்தால் சாமியிடம் வேண்டிக்கொள்ளலாம், பசி தீர்ந்துவிடும். உயிர் ஏழில் ஒரு பங்குக்கும் கீழே போனாலும் வேண்டலாம். ஆட்டம் தொடங்கி 300 நகர்வு ஆகட்டும். ஒருமுறை வேண்டினால் அடுத்ததற்கு 1000 நகர்வு இடைவெளி விடு. அடிக்கடி கூப்பிட்டால் சாமிக்குக் கோபம் வரும்.

மண்டபம் | இரவு 11:15

ஏன் வெறும் எழுத்துகள் என்று தங்கை யோசித்திருக்கலாம். இந்த வகை விளையாட்டுக்கே பெயர் கொடுத்த ‘ரோக்’ 1980 வாக்கில் வந்தது. மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் கலிஃபோர்னியாவில் எழுதியது. பல்கலைக்கழகக் கணினி முனையத்தில் எழுத்து மட்டும்தான் காட்ட முடியும், ஆகவே எழுத்தே அரக்கன், எழுத்தே கதவு. நெட்ஹேக் வந்தது 1987-இல். பல ஊர்க்காரர்கள் வலையில் சேர்ந்து எழுதியதால் பெயரிலேயே ‘நெட்’ இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து உங்கள் பழைய மடிக்கணினியில் ஓடுவதற்கும் அந்த எளிமைதான் காரணம்.

தங்கச்சிமடம் மாணவி | இரவு 11:46

ஐந்தாம் தளத்து இடைவழியில் ஒரு நீல எழுத்து. ‘ந’ அழுத்திப் பார்த்தேன், மிதக்கும் கண்ணேதான்! வாளை எடுக்கவில்லை. தூரத்தில் நின்று குறுவாளை எறிந்தேன். அது கண்ணுக்கு அடியிலேயே விழுந்துவிட்டது, இப்போது எடுக்கவும் முடியவில்லை. கண் நகர்கிற வரை காத்திருக்கிறேன்.

இன்னொன்று. பூனைக்குட்டியைக் காணோம்.

தொண்டி அக்கா | இரவு 11:52

காத்திருப்பது நல்ல முடிவு. அது செத்ததும் உடனே சாப்பிட்டுவிடு, தொலைவில் இருப்பவற்றின் மனதை உணரும் சக்தி வரும். கண் தெரியாமல் போகும்போது பெரிய உதவி.

படியிறங்கும்போது பூனை உன்னை ஒட்டிய கட்டத்தில் நின்றால்தான் கூட வரும். நீ அவசரத்தில் இறங்கியிருப்பாய். நான்காம் தளத்தில்தான் இருக்கும். ரொம்ப நாள் தனியாக விட்டால் உன்னை மறந்துவிடும், அதனால் கண்ணை அப்புறம் பார்த்துக்கொள்.

தங்கச்சிமடம் மாணவி | இரவு 12:03

மேலே ஏறினேன். படிக்கட்டுக்கு நான்கு புள்ளி தள்ளி வெள்ளையாக ஒரு சின்ன ‘எஃப்’ நின்றது, என் பூனைக்குட்டிதான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து பக்கத்தில் நின்றுகொண்டது. இப்போது இரண்டு பேரும் சேர்ந்து இறங்கிவிட்டோம். சேமித்துவிட்டுத் தூங்கப் போகிறேன், வெளியே காற்று இன்னும் அடங்கவில்லை.