பெரியப்பா பாடிய வில்லுப்பாட்டுக்கு யார் சொந்தக்காரர்?

முக்கூடல்காரன்:
பெரியப்பா வில்லுப்பாட்டுக்காரர். 1998 கோயில் கொடை விழாவில் அவர் பாடிய சுடலைமாடன் கதையை ஒரு கேசட் கடைக்காரர் பதிவு செய்தார். கையெழுத்தும் வாங்கவில்லை, காசும் தரவில்லை. துண்டு போர்த்தியதோடு சரி. இப்போது அதை நாங்கள் இணையத்தில் ஏற்றியதும் காப்பிரைட் புகார். "என் தொண்டைக்கு எவம்டே பட்டா போட்டான்?" என்கிறார் பெரியப்பா. என்ன செய்யலாம்?

கோர்ட்டு குமாஸ்தா:
தம்பி, கதை ஊர்ப்பொது. ஒலிப்பதிவு வேறு, அதன் உரிமை பதிவு செய்தவருக்கு 60 ஆண்டு. ஆனால் பாடியவருக்கும் பதிப்புரிமைச் சட்டம் 38ஆம் பிரிவில் 50 ஆண்டு உரிமை உண்டு. 2048 முடியும்வரை பெரியப்பா கேள்வி கேட்கலாம். சம்மதக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

பொதிகைப் பக்கம்:
மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், காணிக்காரப் பழங்குடியினர் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை மூலிகையில் இருந்துதான் 'ஜீவனி' மருந்து வந்தது. வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு போக 1997இல் அறக்கட்டளையே அமைத்தார்கள். பாட்டுக்கு யார் அமைப்பார்? ஐ.நா.வின் 2007 தொல்குடிப் பிரகடனம், 31ஆம் பிரிவில், வாய்மொழி மரபும் அந்த மக்களுடையதே என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது.

குடம் அடிப்பவர் மகள்:
காசு இருக்கட்டும் அண்ணாச்சி. சாமியை வரவழைக்கப் பாடும் வரத்துப் பாட்டும் அதில் இருக்கிறதா? எங்கள் வீட்டில் அதைக் கோயில் முன்னால் தவிர வேறெங்கும் பாடவிட மாட்டார்கள்.

முக்கூடல்காரன்:
இருக்கிறது. அதை வெட்டிவிட்டு மற்றதை ஏற்றச் சொல்கிறார் பெரியப்பா. குமாஸ்தா அண்ணாச்சி, நோட்டீஸ் அனுப்ப எவ்வளவு ஆகும்?