பிரேக் டிரம்ல இரும்பு காய்ச்சுற உலை போட்டவங்க, நடந்ததைச் சொல்லுங்க

உலைக்கரி: லாரி டிரம், அடியில பைப், சைடுல ப்ளோயர், எல்லாரும் போடுற செட்டப்தான். மச்சான் வீட்டுக் கொல்லைல போட்டான், ஆனா காத்துக்குழாய்க்கு மாட்டுனது பழைய தண்ணி லைன்ல கழட்டுன ஜிஐ பைப். கரி நல்லா புடிச்சு ப்ளோயரை ஏத்துனதும் பைப் வாயில பச்சையும் வெள்ளையுமா ஒரு சுடர், அப்புறம் பஞ்சு பஞ்சா வெள்ளையா பறக்குது. இவன் குனிஞ்சு அதையே பார்த்துட்டு நிக்கிறான். ராத்திரி தூக்கித் தூக்கிப் போடுது, காய்ச்சல், வாயெல்லாம் இரும்பு ருசின்னு சொல்றான். மறுநாள் தெளிஞ்சிட்டான். அந்தப் பஞ்சு மட்டும் என் கண்ணை விட்டுப் போகல.

பட்டறைவாசி: அது பைப்புல பூசுன துத்தநாகம் ப்ரோ. 907 டிகிரில கொதிச்சு ஆவியாகும், கரி உலை அதைத் தாண்டி ஈஸியா போகும். எங்க பட்டறைலயும் ஒருத்தருக்கு இந்தக் காய்ச்சல் வந்துச்சு, பால் குடிக்கச் சொன்னாங்க. தயவுசெஞ்சு அதை நம்பாதீங்க, புகை போறது நுரையீரலுக்கு, பால் போறது வயித்துக்கு. மூச்சுத் திணறுனா உடனே டாக்டர்கிட்ட போங்க. பூச்சு இல்லாத கருப்பு எம்எஸ் (சாதா இரும்பு) பைப் போடுங்க, கனமா இருந்தா நல்லது, கொட்டாங்குச்சிக் கரியும் கருவேலங்கரியும் புகை கம்மி, ஆனா எந்தக் கரியா இருந்தாலும் திறந்த வெளியிலதான், மூடுன ஷெட்டுல கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளை சாய்ச்சிடும். இரும்பை வெச்சு அடிக்கிற அடைகல்லுக்கு தண்டவாளத் துண்டு காயலான் கடைல பாருங்க.

மேலத்தெரு: தண்டவாளம்னு சுலபமா எழுதிட்டீங்களே அண்ணே. ரயில்வே பொருள் கைல இருந்து, முறையா வந்துச்சுன்னு காட்ட முடியலன்னா 1966 ரயில்வே சொத்துச் சட்டப்படி ஜெயில் வரைக்கும் போகும். காயலான் கடைக்காரர் பில்லா குடுப்பாரு? கனமான இரும்புக் கட்டி போதும்.

என் விஷயம் வேற. லாரி பட்டைல (அடியில இருக்குற ஸ்பிரிங் தகடு) கத்தி அடிச்சு, பதம் ஏத்த காந்தம் ஒட்டாத அளவுக்கு சூடேத்தி வெச்சிருந்தோம். பக்கத்துல நின்ன அண்ணன் நான் சொல்லச் சொல்லக் கேக்காம வாளித் தண்ணில முக்கிட்டாரு. டிக்னு ஒரே சத்தம். வெளிய எடுத்தா முதுகுலேர்ந்து வாய் வரைக்கும் விரிசல். சாயங்காலம் பூரா அடிச்ச கத்தி அது. பட்டை இரும்புக்கு எண்ணெய்தான், லேசா சூடு பண்ணின எண்ணெய், பக்கத்துலயே மூடி ஒண்ணு வெச்சுக்கோங்க, தீப்புடிச்சா தண்ணி ஊத்தாம மூடிடுங்க.