15 கட்டில்னா 182 பேரா? கணக்குப் போட்டவர் ஒரு ராத்திரி வார்டுல நின்னு பார்க்கட்டும்

நொய்யல்கரை:
நம்ம மன்றத்துல மானியம் பத்தின திரியில கணக்குப்புலி அண்ணன் நேத்துப் பொழுதோட எழுதினது இதுங்க: "மத்திய சமூகநீதி அமைச்சக மானியத்துல 15 கட்டில் குடி, போதை மறுவாழ்வு மையம் ஒண்ணு வந்தா வருசத்துக்கு 182 ஏழைகளுக்குச் சிகிச்சை. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர்னு ஊருக்கொண்ணு கூட்டினா 900 பேரைத் தாண்டும்." 15-ஐ 365-ஆல பெருக்கி 30-ஆல வகுத்திருக்காரு. கால்குலேட்டர் சரியாத்தான் சொல்லுது. அதுக்கு வலிப்பு வராதுங்களே.

டாஸ்மாக் ராத்திரி 10 மணிக்கு அடைப்பான். தினமும் குடிக்கறவன் அதோட நிறுத்தினா விடியால 4 மணிக்கு கை ஆட ஆரம்பிக்கும். வலிப்பு வர்றதா இருந்தா பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள்ள. ஜன்னி கண்டவன் ரெண்டாம் நாளுக்கு மேல நாலாம் நாள் வரைக்கும் ஆள் தெரியாம, இல்லாத பூச்சியை உடம்புல இருந்து தட்டி விட்டுட்டு, ஜன்னல் ஏறிக் குதிக்கப் பார்ப்பான். அது ராத்திரிக்குத்தான் முத்தும். மானியப் பட்டியல்ல டாக்டர் பகுதிநேரம். சாயங்காலம் வந்துட்டுப் போயிடுவாரு. ராத்திரி 2 மணிக்கு யாருங்க இருக்கா?

கணக்குப்புலி_ஈரோடு:
என் பேரைப் போட்டுத் திரி தொடங்கினதுக்கு நன்றிங்க அக்கா. நான் எழுதினது கொள்ளளவு. 5,475 கட்டில் நாள், ஆளுக்கு 30 நாள், 182. இதுல எந்த எண் தப்புன்னு சொல்லுங்க, திருத்திக்கறேன்.

2019-ல வந்த தேசிய ஆய்வைப் படிச்சீங்களா? குடிக்கு அடிமையானவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைச்சிருக்கு. உள்நோயாளியாப் படுத்தவங்க 180-ல ஒருத்தர். அப்ப கட்டில் பத்தலைன்னுதானே அர்த்தம்? கட்டில் கேட்டா ராத்திரி 2 மணின்னு பேயைக் காட்டறீங்க.

நொய்யல்கரை:
38-ல ஒருத்தருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சைன்னா மீதி 37 பேரும் கட்டில் இல்லாம திரும்பிப் போனாங்கன்னு எந்தப் பக்கத்துல இருக்குதுங்க? மருந்துச் சீட்டு எழுத ஆள் இல்லாததும் அதுலதான் சேர்த்தி.

கேட்டதுக்குப் பதில் வரலை. ராத்திரி 2 மணிக்கு யாரு?

தமிழ்ச்சுவை_கரூர்:
இருவருமே 'கட்டில்' என்கிறீர்கள். கட்டில் தச்சர் செய்வது. மருத்துவமனையில் எண்ணுவது 'படுக்கை'. அரசாணையிலும் படுக்கை என்றுதான் இருக்கும்.

விசைத்தறி_பல்லடம்:
படுக்கையோ பாயோ, 30 நாள் எவன் வந்து படுப்பான்? அதைப் பேசுங்க. தறிக்காரனுக்கும் பனியன் கம்பெனி பீஸ் ரேட் ஆளுக்கும் சனிக்கிழமைதான் சம்பளம். 30 நாள் உள்ள இருந்தா நாலு சனிக்கிழமை போச்சு. அதுபோக தறி முதலாளிகிட்ட வாங்கின முன்பணம் நிக்குது. பத்தாம் நாளே பொண்டாட்டி வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிடும். இலவசம்னு போர்டு வெச்சா சோறும் மருந்தும்தான் இலவசம், கூலி யார் தர்றது?

கணக்குப்புலி_ஈரோடு:
அதுக்குத்தான் இஎஸ்ஐ இருக்கு தம்பி. மாதச் சம்பளம் 21,000 வரைக்கும் உள்ளவங்களுக்கு நோய்க்கால உதவி 70 சதவீதம், ரெண்டு ஆறுமாச உதவிக் காலத்துல 91 நாள் வரைக்கும்.

விசைத்தறி_பல்லடம்:
அண்ணா, அந்த 70 சதவீதம் வாங்க 6 மாசச் சந்தாக் காலத்துல 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்கணும். மாசம் ரெண்டு கம்பெனி மாறுறவனுக்கு 78 எங்கிருந்து வரும்? தறிப் பட்டறையில பாதிப் பேருக்கு அட்டையே கிடையாது. போன தீபாவளிக்கு முந்தின இஎஸ்ஐ திரியிலயும் இதே 91 நாளைத்தான் காட்டிட்டுப் போனீங்க. நான் அப்பவும் 78-ன்னேன்.

கணக்குப்புலி_ஈரோடு:
பழசைக் கிளறாதீங்க. அந்தத் திரியில கடைசிப் பதிவு என்னுது.

நொய்யல்கரை:
கண்ணு பல்லடம், நீ சொல்றது சரி. ஆனா அது பகல் சோலி, நான் ராத்திரியைக் கேட்கறேன்.

ராத்திரி ஆளுக்கு என்ன வேலைன்னு தெரியாம 182 எழுதறவங்களுக்காகச் சொல்றேங்க. சேர்ந்த அன்னிக்கு நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம், ஆள் அடையாளம்னு 10 கேள்விக்கு மதிப்பெண் போடணும், மொத்தம் 67. ஏற ஏற, நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கற டயஸிபாம் மாதிரி மாத்திரையைக் கூட்டணும், இறங்கினா குறைச்சு, அஞ்சாறு நாள்ல நிறுத்தணும். கண்ணு மஞ்சளா இருந்தா, ஈரல் கெட்டவனுக்கு டயஸிபாம் உடம்புலயே தேங்கும். மூச்சு அடங்கிப் போற அளவுக்குத் தூங்குவான். அவனுக்கு அதுக்குப் பதிலா லோராஸிபாம். அந்த ஊசி 2-ல இருந்து 8 டிகிரி குளிர்ல இருக்கணும். கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க? ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்க, ஊசிப் பெட்டிக்குப் பக்கத்துல சமையல்காரம்மா வெச்ச தயிர்ச் சொம்பு நிக்கும்.

அப்புறமேட்டு இந்தக் குளுக்கோஸ். நாலு நாள் சோறு திங்காம குடிச்சவனைத் தூக்கிட்டு வந்தா நம்மூர்ல முதல்ல ஒரு பாட்டில் மாட்டிடுவாங்க. தயமின், அதான் வைட்டமின் பி1, ஊசி போடாம குளுக்கோஸ் ஏத்தினா, மிச்சமிருக்கற கொஞ்சம் பி1-உம் அதுல செலவாகி மூளை அடி வாங்கும். கண்ணு ஒரு பக்கம் இழுத்து ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். "இன்னும் போதை தெளியலை"ன்னு விட்டுடுவாங்க. ஞாபகம் போனது போனதுதான். தயமின் காசு பெறாத மருந்து. அதை முதல்ல போடணும்னு தெரிஞ்ச ஆள்தான் ராத்திரி 2 மணிக்கு வேணும்.

மேட்டுப்பாளையம்_சேவை:
அரசு மானியத்தை நம்பினால் இப்படித்தான். கட்டணம் வாங்கும் தனியார் மையங்களில் இரவிலும் ஆள் இருக்கிறார்கள். ஏழைக்கு அரசே அங்கு கட்டணத்தைக் கட்டிவிட்டால் முடிந்தது.

நொய்யல்கரை:
இருக்காங்க, கேட்டுக்குப் பூட்டுப் போட. ராத்திரிப் பதிவேட்டை வாங்கிப் பாருங்க. 15 பேருக்கும் நாடி 80, ரத்த அழுத்தம் 120-க்கு 80, ஒரே பேனா, ஒரே சாய்வு. குடியை நிறுத்தி ரெண்டாம் நாள்ல இருக்கறவனுக்கு நாடி 80 இருக்குமாங்க? பெரும்பாலும் 100-க்கு மேல ஓடும். படுக்கப் போகும்போதே காலைக்கும் சேர்த்து எழுதி வெச்சதுங்க அது.

சட்டப்பக்கம்_சேலம்:
தனியார் மையம் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப் பாதிப்பும் அடக்கம். மாநில மனநல ஆணையத்தில் பதியாமல் நடத்தினால் பிரிவு 107-ன்படி முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை, இரண்டாம் முறை 2 லட்சம் வரை, அதற்கு மேல் 5 லட்சம் வரை அபராதம். சங்கிலி போடுவது பிரிவு 95-ல் அடியோடு தடை. சம்மதமில்லாமல் குடும்பத்தார் சேர்த்தால் பிரிவு 89, அதிகபட்சம் 30 நாள், மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளுக்குள் தகவல். பெண்ணோ சிறாரோ என்றால் 3 நாளுக்குள் தகவல். கணக்குப்புலியின் 30-ஐயும் இந்த 30-ஐயும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது உச்சவரம்பு, சிகிச்சைக் காலம் அல்ல.

கணக்குப்புலி_ஈரோடு:
நான் குழப்பிக்கவே இல்லைங்க. 30-ன்னு போட்டது நானா வெச்ச சராசரி. 10 நாள்னு போட்டா 547 வரும். அதையும் எழுதியிருக்கலாம், குறைச்சுத்தான் சொல்லியிருக்கேன்.

அமராவதிப்_பாலம்:
ஒரு சந்தேகம். 'சிகிச்சை பெற்றவர்'னா யாருங்க? சேர்ந்தவரா, நடுக்கம் அடங்கி வெளிய வந்தவரா, 6 மாசம் குடிக்காம இருக்கறவரா? அது தெரியாம 182-ஆ இல்லையான்னு எப்படிப் பேசறது?

கணக்குப்புலி_ஈரோடு:
182 கூட்டல் கழித்தல் இல்லாத கணக்கு. சரி, ராத்திரி ராத்திரின்னு கேட்கறாங்களே, ஏன் ஆள் நிக்கறதில்லைன்னு கணக்குப் பக்கம் இருந்து சொல்றேன், யாராவது எழுதி வெச்சுக்கங்க.

தொண்டு நிறுவனம் முதல்ல நிதி ஆயோக்கோட தர்பண் தளத்துல பதிவு எண் வாங்கணும். அப்புறம் அமைச்சகத்தோட மானியத் தளமான இ-அனுதான்ல விண்ணப்பம், தணிக்கை செஞ்ச கணக்கு, வாடகை ஒப்பந்தம், பணியாளர் பட்டியல். ஆய்வு, மாநிலப் பரிந்துரை, பிறகுதான் டெல்லி. பணம் பிஎஃப்எம்எஸ்ங்கற மத்திய அரசுப் பணப் பட்டுவாடாத் தளம் வழியா வரும். செலவழிச்சதுக்கு ஜிஎஃப்ஆர்ங்கற மத்திய அரசு நிதி விதிப்படி 12-ஏ படிவத்துல பயன்பாட்டுச் சான்று. போன வருசத்துச் சான்றும் தணிக்கை அறிக்கையும் போகாம இந்த வருச ஒதுக்கீட்டுல 75 சதவீதத்துக்கு மேல விடக்கூடாதுன்னு விதி. வங்கியில கிடந்த பணத்துக்கு வந்த வட்டி கூட உங்களுது இல்லை, கணக்கு முடிச்சதும் அரசுக்குத் திருப்பணும். பணியாளருக்குக் கொடுக்கற மதிப்பூதியத் தலைப்புல மிச்சம் இருக்குன்னு அனுமதி இல்லாம ஃப்ரிட்ஜ் வாங்கினா தணிக்கைல தடை. ஒரு ரசீது தேதி மாறினா எல்லாம் நிக்கும். நடுவுல மளிகைக்கடைக் கடன், வாடகை பாக்கி. முதல்ல வேலையை விட்டுப் போறது ராத்திரி ஆள்தான், ஏன்னா பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில மாசம் பிறந்தா சம்பளம். இது நிர்வாகப் பிரச்சினை. கட்டில் கணக்கு தப்புன்னு ஆகாது.

நொய்யல்கரை:
பாருங்க, அவரே எழுதிட்டாரு, முதல்ல போறது ராத்திரி ஆள்னு! அப்ப 182-ல எத்தனை பேரு ஆள் இல்லாத ராத்திரியில படுத்திருந்தாங்க? அதைக் கழிச்சுட்டுச் சொல்லுங்க.

கணக்குப்புலி_ஈரோடு:
நான் ஒத்துக்கிட்டதா எங்கே எழுதினேன்? திரிச்சுப் பேசறதுல அக்காவை மிஞ்ச ஆள் இல்லை.

விசைத்தறி_பல்லடம்:
கட்டிலே இல்லாம நடத்தலாமேங்க. மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் குறிச்ச கிழமையில வர்றாரு. வலிப்பு, ஜன்னி இதுக்கு முன்னால வராதவன், வீட்டுல ஒரு ஆள் பார்த்துக்கறவன்னா புறநோயாளியாவே மாத்திரை கொடுத்து நிறுத்தலாம். ஆனா அந்தக் கிழமை வேலை நாளா இருக்கு. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஓபி போட்டா, திருப்பூர்ல வரிசை நிக்கும். மானியத்தை அதுக்குக் கொடுங்க.

தாராபுரம்_நாட்டான்:
எதுக்குங்க இத்தனை பழமை பேசறீங்க? குடியை நிறுத்தற மாத்திரையை ரசத்துல கலந்து கொடுத்தா ஆச்சு. ஆளுக்கே தெரியாது. ஊரெல்லாம் பண்றாங்க.

நொய்யல்கரை:
இந்த ஆகாவழி யோசனையை யாரும் செஞ்சு தொலைக்காதீங்க! நீங்க சொல்ற மாத்திரை டைசல்பிராம். கடைசியா மது குடிச்சு 12 மணி நேரமாவது ஆனவனுக்கு, அவன் சம்மதத்தோட, ஈரல், இதயம் பார்த்துட்டுக் கொடுக்கறது. தெரியாம தின்னுட்டு ஒரு கட்டிங் போட்டான்னா மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போனாலும் போயிடுவான். மாத்திரையை நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும் அந்த வேகம் உடம்புல நிக்கும். ரசமாம்.

தாராபுரம்_நாட்டான்:
படிச்சவங்கன்னா இப்படித்தான் எரிஞ்சு விழுவாங்க. நாங்க சொன்னா ஆகாவழி.

மேட்டுப்பாளையம்_சேவை:
எல்லாரும் குடியையே பேசுகிறீர்கள். கோவையில் பையன்கள் டேபண்டடால் என்ற வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். அவர்களுக்குப் பூட்டிய மையம்தான் வழி.

நொய்யல்கரை:
அவங்களுக்குத்தான் கட்டில் இன்னும் கம்மியா வேணும். மாத்திரையில இருக்கற மாவு கரையாது, ரத்தக்குழாய்ல அடைச்சுச் சீழ் வைக்கும். அதை முதல்ல பார்க்கணும். அப்புறம் அந்தப் போதைக்குப் பதிலாக் கொடுக்கற பியூப்ரினார்ஃபின் மாத்திரை, நாக்குக்கு அடியில வெச்சுக் கரையற வரைக்கும் ஆள் முன்னாடி உட்கார வெச்சுத் தினமும் கொடுக்கறது. முந்தின போதை இறங்கி உடம்பு முறிய ஆரம்பிச்ச பிறகுதான் முதல் மாத்திரை. அவசரப்பட்டா மருந்தே முறிப்பைக் கொண்டு வந்திடும். எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நடத்தற மையங்கள்ல அது இலவசம். பூட்டி வெச்சு 30 நாள் கழிச்சு வெளிய விட்டா, உடம்பு பழக்கம் விட்டுப் போயிருக்கும், பையன் பழைய அளவையே ஏத்துவான், மூச்சு நின்னுடும். உங்க 182-ல அவனும் ஒரு 'சிகிச்சை பெற்றவர்'.

அமராவதிப்_பாலம்:
அதைத்தான் நானும் கேட்டேன்…

தமிழ்ச்சுவை_கரூர்:
'கட்டில்' பற்றிய என் பதிவுக்கு இன்னும் யாரும் மறுமொழி தரவில்லை.

கணக்குப்புலி_ஈரோடு:
படுக்கைன்னே வெச்சுக்கங்க. 15 படுக்கை, 5,475 படுக்கை நாள், 182. எண்ணை யாரும் இதுவரைக்கும் மறுக்கலைங்கறதை இங்கே பதிவு பண்ணிக்கறேன். 30 படுக்கைப் பட்டியலோட புதுத் திரி தொடங்கறேன், 365 வரும்.

நொய்யல்கரை:
தொடங்குங்கண்ணா, அங்கயும் வர்றேன். ராத்திரி செவிலியர் சம்பளம் எந்தத் தலைப்புல வருதுன்னு முதல் வரியிலயே எழுதி வெச்சிருங்க.

கணக்குப்புலி_ஈரோடு:
மதிப்பூதியம். சம்பளம் இல்லை, மதிப்பூதியம். தலைப்புப் பேரே தெரியாம…