ட்ராக்ல இருந்து ரெட்மைன்: பழைய டிக்கெட் நம்பர் பத்திரம் மக்களே

பாயான் லெப்பாஸ்காரன்:
வணக்கம். டிராக்கர், அதாவது பிரச்சினைய டிக்கெட்டா நம்பர் போட்டு பதிஞ்சு வைக்கிற சாஃப்ட்வேர், அத மாத்தப்போறோம்னு நெறைய பேரு கேக்குறீங்க, அதான் எங்க இடத்துல நடந்தத எழுதுறேன். பினாங்கு பாயான் லெப்பாஸ்ல எலக்ட்ரானிக் போர்டு செய்யிற ஃபேக்டரி, ட்ராக்ங்கிற டிராக்கருக்கு நான்தான் அட்மின். ரெண்டு டீம், ரெண்டு ட்ராக், ரெண்டையும் ரெட்மைன்ங்கிற இன்னொரு டிராக்கர் ஒண்ணுக்குள்ள கொண்டுவரணும், சீனப் பெருநாளுக்கு லைன் நிக்கிற அந்த லீவுலயே முடிச்சிரணும்னு பாஸ் சொல்லிட்டாரு.

எங்க ஆளுங்க பிரச்சினைய தலைப்பு சொல்லி பேசவே மாட்டாங்க, நம்பர்தான். "அண்ணே, அந்த 3127 மறுபடி வந்துருச்சு லா"ன்னு லைன்லேர்ந்து போன் வரும். ரிஜெக்ட் போர்டுல ஒட்டுற ஸ்டிக்கர்ல அந்த நம்பர், கோடு சேமிக்கும்போது எழுதுற கமிட் மெசேஜ்ல அந்த நம்பர், கஸ்டமருக்கு போன ரிப்போர்ட்லயும் அதே நம்பர். டிராக்கருக்குள்ள இருக்கறத ஸ்கிரிப்ட் மாத்திரும், வெளிய ஒட்டுனத யாரு போயி மாத்துறது?

ரெட்மைன் கூடவே ட்ராக்ல இருந்து டேட்டா இழுக்குற ரேக் டாஸ்க், அதாவது ரூபில எழுதுன ரெடிமேட் ஸ்கிரிப்ட், வருது. ஓட்டுறதுக்கு முன்னாடி அந்த ஃபைல தொறந்து படிங்க, ரூபி தெரியாட்டியும் புரியும். டிக்கெட்டோட பழைய நம்பர் ரெட்மைன்ல காலியா இருந்தா அதையே குடுக்கும், ஏற்கனவே வேற இஷ்யூ (ரெட்மைன்ல டிக்கெட்டுக்கு அதான் பேரு) அந்த நம்பர்ல உக்காந்திருந்தா சத்தமே போடாம புது நம்பர் போட்டுட்டு போயிட்டே இருக்கும். ட்ராக்ல ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் நம்பர் 1லேர்ந்து ஆரம்பிக்கிறதால ரெண்டாவதா போற டீமுக்கு கண்டிப்பா மோதும். டெஸ்ட் காப்பில ஓட்டிப் பாத்தோம், ரெண்டாவதா போன ஃபர்ம்வேர் டீமோட (போர்டுக்குள்ள ஓடுற ப்ரோக்ராம் எழுதுறவங்க) 212 அங்க 4339னு நிக்குது. டிக்கெட் உள்ள எழுதியிருக்கிற #212ஐ பெரும்பாலும் அதுவே திருத்திருது, அது நல்ல வேலை, ஆனா கமிட் மெசேஜ் பழைய 212தான்.

அதனால எந்த டீம் நம்பர் வெளிய அதிகமா ஒட்டியிருக்கோ அத முதல்ல, சுத்தமா காலியா இருக்கிற ரெட்மைன்ல எறக்கணும். எங்களுக்கு லைன் டீம்தான் முதல்ல. டெஸ்டுக்குன்னு யாராச்சும் ஒரு இஷ்யூ போட்டு வச்சிருந்தாக்கூட அந்த நம்பர் போயிரும். அடுத்தது, அந்த டாஸ்க் ஓடும்போது பழைய நம்பருக்கு எந்த புது நம்பர்னு உள்ளயே ஒரு மேப் வச்சுக்குது, முடிஞ்சதும் தூக்கிப் போட்டுரும், ஒரு வரி சேத்து அத சிஎஸ்வி ஃபைலா (காமா போட்டு பிரிச்ச பட்டியல்) எழுத வச்சோம். அந்த ஃபைல வச்சுதான் வெப் சர்வரான அப்பாச்சில ரீரைட் மேப் (பழைய லிங்க்க புதுசுக்கு திருப்பி விடுற பட்டியல்) போட்டோம், இப்ப ரிப்போர்ட்ல இருக்கிற பழைய லிங்க்க அமுக்குனாலும் சரியான இஷ்யூவுக்கு போகுது. ரீரைட் மேப்ப ஃபோல்டருக்குள்ள வைக்கிற எச்டிஅக்சஸ் ஃபைல்ல எழுத முடியாது, சர்வர் கான்ஃபிக்லயோ விர்ச்சுவல் ஹோஸ்ட்லயோதான் எழுதணும், ஆரம்பத்துலயே சர்வர் ஆளுகிட்ட சொல்லி வச்சிருங்க.

செந்தூல் பையன்:
அண்ணே நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. நம்ம கேஎல் ஆபீஸ்ல பக்சில்லாங்கிற டிராக்கர். 1998லேர்ந்து இருக்கிற சாமான், பழசுன்னு சொல்றவங்க சொல்லட்டும், எனக்கு அதுமேல மரியாதை உண்டு. பதிப்பு ஏத்தணும்னா செக்செட்டப் ஸ்கிரிப்ட்ட ஓட்டுனா போதும், டேபிளெல்லாம் அதுவே மாத்திரும், நம்பர் ஒண்ணுகூட அசையாது. ஆனா திரும்பி வர வழியில்ல, அதனால டேட்டாபேஸ், டேட்டா ஃபோல்டர், லோக்கல்கான்ஃபிக்ங்கிற செட்டிங் ஃபைல் மூணுக்கும் பேக்கப் இல்லாம தொடாதீங்க.

எங்களுக்கு அடி விழுந்தது பக்சில்லால இல்ல, கீழ இருக்கிற டேட்டாபேஸ்ல. மைஎஸ்க்யூஎல் 5.7லேர்ந்து 8க்கு ஏத்துனாங்க, மறுநாள் காலைல லாகின்கூட ஆகல. 8ல குரூப்ஸ்ங்கிற வார்த்தைய டேட்டாபேஸோட சொந்த வார்த்தையா ரிசர்வ் பண்ணிட்டாங்க, பக்சில்லால அதே பேருல ஒரு டேபிள் இருக்கு, பக்சில்லா 5.0 அந்த பேர மேற்கோள் குறி போடாமத்தான் எழுதும், அதான். மைஎஸ்க்யூஎல்லேர்ந்து பிரிஞ்சு வந்த மரியாடிபில அந்த தடை இல்ல, 5.7ல எடுத்து வச்ச டம்ப்ப (மொத்த டேட்டா காப்பி) அதுல ஏத்துனதும் எழுந்துருச்சு.

பட்டர்வொர்த் அக்கா:
ரெண்டு தம்பிங்களும் மெயில் பத்தி சொல்லல. டெஸ்ட் காப்பி எடுக்கும்போது ரெட்மைனோட கான்ஃபிகரேஷன் ஃபைலையும் அப்படியே காப்பி பண்ணாதீங்கப்பா, அதுலதான் மெயில் செட்டிங் இருக்கு. முன்னாடி நான் வேல செஞ்ச எடத்துல வெண்டர் அப்படி பண்ணி, ராத்திரி ரிமைண்டர் ஓடி, என்னைக்கோ வேல முடிஞ்ச பழைய ப்ராஜெக்ட் கஸ்டமருக்கெல்லாம் மெயில் போயிருச்சு, காலைல போன் எடுத்து சமாதானம் சொன்னது நான். மெயில் பகுதிய எடுத்துட்டா ரெட்மைன் தானாவே அனுப்பாம இருந்துரும்.

பாயான் லெப்பாஸ்காரன், அந்த சிஎஸ்விய லைன்ல இருக்கிறவங்க எப்படி பாக்குறாங்க?

பாயான் லெப்பாஸ்காரன்:
அக்கா, முதல்ல போன லைன் டீமுக்கு அது தேவையே படல, அவங்க நம்பர் அப்படியே இருக்கு. ஃபர்ம்வேர் டீமுக்கு மட்டும் ஒவ்வொரு இஷ்யூலயும் "பழைய நம்பர்"னு ஒரு கஸ்டம் ஃபீல்டு போட்டு சிஎஸ்வில இருந்து நெரப்பியாச்சு, ஃபில்டர்ல 212ன்னு அடிச்சா வந்துரும். மெயில் விஷயத்த நாளைக்கே எங்க டெஸ்ட் சர்வர்ல பாக்குறேன், நன்றிக்கா.