அம்மாவின் இடுப்பு வலிக்கு மனசுக்கான மாத்திரை ஏன்?

கேள்வி (குடியாத்தம்):
அம்மாவுக்கு 52 வயது. முப்பது வருடமாக முறத்தை மடியில் வைத்துக் குனிந்தபடியே பீடி சுற்றியவர். இரண்டு வருடமாக இடுப்பு வலி. ஸ்கேனில் டிஸ்க் பல்ஜ், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற தட்டு பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. "எலும்பு தேய்ஞ்சு போச்சு, இனிமே குனியாதே" என்று யாரோ சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து தரையில் உட்காருவதில்லை, குடம் தூக்குவதில்லை. கீழே விழுந்த கரண்டியை எடுக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுகிறார். வைகாசி 1 அன்று கெங்கையம்மன் சிரசு (அம்மன் தலை) ஊர்வலம் தெரு முனையில் போகிறது, மேளச் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

பாட்டி வாயு என்று சுக்குக் கஷாயம் வைக்கிறார். அத்தை திருஷ்டி என்று கயிறு மந்திரித்துக் கட்டினார். டாக்டர் ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதினார். மருந்துக் கடையில் "இது மனசுக்குக் கொடுக்கிறதாச்சே" என்றார்கள். அவ்வளவுதான். "எனக்கென்ன பைத்தியமா? என் வலி பொய்யா?" என்று அழுதுவிட்டு, அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். என்ன சொல்லிக் கொடுப்பது?

பதில் (காட்பாடி, ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட்):
வலி பொய்யில்லை. அதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான மருந்துதான், ஆனால் அதற்குத் தரும் அளவு இதைப்போலப் பல மடங்கு. இந்தச் சிறிய அளவு நாள்பட்ட வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுப்பது. வாய் உலரும், காலையில் அசதி இருக்கும். இதயக் கோளாறோ கண் அழுத்தமோ இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஸ்கேனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது! குனிந்தால் முதுகு போய்விடும் என்று நம்பி அசையாமல் இருந்தால் தசை தளரும், தூக்கம் கெடும், மனசு சோரும். சோர்ந்த மனசுக்கு அதே வலி இன்னும் பெரிதாகத் தெரியும். முப்பது வருடம் என் கண்முன்னே நடந்தது இதுதான். கால் பலமிழந்தாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ மட்டும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பதில் (ஆம்பூர், ஷூ கம்பெனி தையல் பிரிவு):
எனக்குக் கழுத்து வலி, நான்கு வருடம். மாமியார் காத்துக் கருப்பு என்றார். கயிறு கையில் இருக்கும்போதே மாத்திரையும் போட்டேன், நடக்கவும் ஆரம்பித்தேன். முதலில் வாசலிலிருந்து பால்காரர் வீடு வரைக்கும்தான். அதனால் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிச் சண்டை போடாதீங்க தங்கச்சி. அழுகை நிற்கவில்லை என்றால் 14416க்குப் போன் போடுங்க. அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கேட்டவர்:
இரண்டு பதிலையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பால்காரர் வீடு என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். அப்புறம், "பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டு அட்டையை அவரே எடுத்து வந்தார். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகிறோம்.